புரொஜெக்டர் ரிமோட்: செய்தி செல்லும் வழியும் கையாளும் முறையும்

பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் கிராமக் கூட்டங்களிலும் புரொஜெக்டர் இன்று புதுமையான சாதனம் அன்று. அதனுடன் வரும் ரிமோட் என்னும் தொலையியக்கியையும் எல்லோரும் கையில் எடுக்கின்றனர். எனினும், அந்தச் சிறு கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்து கையாள்வோர் சிலரே. அதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. வேலையை விட்டு வந்திருக்கும் விவசாயிகளோ, நாற்பது நிமிடப் பாடவேளைக்கு வந்திருக்கும் மாணவர்களோ வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, பாடம் சொல்லவேண்டியவர் பொத்தான்களை மாறி மாறி அழுத்திக்கொண்டிருப்பது பல இடங்களில் காணப்படும் காட்சியாகும். சில சமயம் நல்ல ரிமோட் கெட்டுவிட்டதென்று ஒதுக்கப்படுகிறது. சில சமயம் விலையுயர்ந்த விளக்கு அவசரத்தால் பாழாகிறது.

இத்தொல்லைகளுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே. புரொஜெக்டரின் ரிமோட் பேச வல்லது, கேட்க வல்லதன்று. அது கட்டளையை அனுப்புகிறது. கட்டளை சென்று சேர்ந்ததா, நிறைவேறியதா என்பது அதற்குத் தெரியாது. இந்த உண்மையை மனத்தில் கொண்டால் ரிமோட்டைக் கையாளும் விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

செகந்திராபாத் கற்பிக்கும் பாடம்

கட்டளை வேறு, அது நிறைவேறியதென்ற உறுதி வேறு என்பதை முழுமையாக உணர்ந்த துறை ரயில்வே கைகாட்டித் துறையாகும். செகந்திராபாத்தில், தார்நாகாப் பகுதியில், இந்திய ரயில்வேயின் சைகைப் பொறியியல், தொலைத்தொடர்புப் பயிற்சி நிறுவனம் அமைந்துள்ளது. 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனத்தில் நாட்டின் எல்லா ரயில்வே மண்டலங்களிலிருந்தும் கைகாட்டித் துறையினர் வந்து பயிற்சி பெறுகின்றனர்.

ரயில் நிலையத்தில் உள்ளவர் நெடுந்தொலைவிலிருந்தே தண்டவாளத்தின் பாயிண்டை நகர்த்துகிறார். இதுவும் ஒருவகைத் தொலைக்கட்டுப்பாடே. ஆனால், நெம்புகோலை இழுத்துவிட்டதாலோ பொத்தானை அழுத்திவிட்டதாலோ பாயிண்ட் நகர்ந்துவிட்டதென்று அங்கே எவரும் முடிவு செய்வதில்லை. தண்டவாளத்தின் நாக்கு உரிய இடத்தில் சரியாகப் பொருந்திப் பூட்டிக்கொண்டது என்ற செய்தி மின்சுற்றின் வழியே திரும்பி வரவேண்டும். வந்த பின்னரே அவ்வழிக்குரிய கைகாட்டி ரயிலுக்கு அனுமதி காட்டும். அவ்வாறே, ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு மணிக்குறியால் விடுக்கும் கேள்விக்கு அங்கிருந்து மணிக்குறியே மறுமொழியாகத் திரும்ப வேண்டும். மறுமொழி இல்லாத கட்டளை கட்டளையாகவே கருதப்படுவதில்லை.

புரொஜெக்டரின் ரிமோட்டில் இத்தகைய மறுமொழி இல்லை. எனவே, மறுமொழியைத் தேடிக் காணும் பொறுப்பு ரிமோட்டைப் பிடித்திருப்பவரையே சார்கிறது. புரொஜெக்டரின் மேற்புறத்திலுள்ள சிறு குறிவிளக்குகளும் திரையில் தோன்றும் எழுத்துக்களுமே அவருக்கு மறுமொழிகளாம்.

கோலிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து ஒளிக்கு

கண்ணாடிப் படங்களை விளக்கொளியால் திரையில் வீழ்த்திச் சொற்பொழிவு நிகழ்த்திய காலத்தில் படத்தை மாற்றுவதற்குத் தனியே ஓர் ஆள் விளக்கின் அருகே நிற்பது வழக்கம். பேசுபவர் கோலால் தரையைத் தட்டியோ, சிறு மணியை அடித்தோ, வாயால் சொல்லியோ அவருக்குக் குறிப்புக் காட்டுவார். அந்த முறையில் மறுமொழி இருந்தது. குறிப்பு கேட்கவில்லையெனில் அந்த ஆள் திரும்பிப் பார்ப்பார்.

பின்னர் வந்த ஸ்லைடு புரொஜெக்டர்களில் படம் மாற்றும் வேலையை மோட்டார் ஏற்றுக்கொண்டது. 1961ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனம் வெளியிட்ட ‘கரோசல்’ என்னும் சாதனம் இவ்வகையில் உலகெங்கும் பரவியது. வட்டத் தட்டில் வரிசையாக நிறுத்திய ஸ்லைடுகளை, நீண்ட கம்பியின் முனையிலிருந்த பொத்தானை அழுத்தி முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதன் உற்பத்தி 2004ஆம் ஆண்டில் நின்றது.

கம்பியில்லாத கட்டுப்பாட்டுக்கு வழிகாட்டியவை தொலைக்காட்சிப் பெட்டிகளாகும். 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனித் நிறுவனம் கைவிளக்கின் ஒளிக்கற்றையால் இயங்கும் தொலைக்காட்சியை வெளியிட்டது. பெட்டியின் மூலைகளிலுள்ள ஒளியுணர் கலங்களின்மீது ஒளியைப் பாய்ச்சினால் நிலையம் மாறும். ஆனால், சூரியவெளிச்சம் அக்கலங்களின்மீது பட்டபோதும் நிலையம் மாறியது. கலத்தால் விளக்கொளியையும் வெயிலையும் வேறுபடுத்தி அறிய இயலவில்லை. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் ஒளியைக் கைவிட்டுக் காதுக்குக் கேளாத மீயொலியை நாடியது. பல ஆண்டுகள் கழித்து ஒளி மீண்டும் இப்பணிக்கு வந்தது. இம்முறை அது கண்ணுக்குத் தெரியாத ஒளியாகவும், தன்னை இன்னதென்று அறிவித்துக்கொள்ளும் ஒளியாகவும் வந்தது.

கண்ணுக்குப் புலப்படாத ஒளி

1800ஆம் ஆண்டில் வானநூல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் பல நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே இல்லையென்று தோன்றும் இடத்தில் வைத்த வெப்பமானியிலும் வெப்பம் ஏறியது. அங்கே கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் விழுகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. இவையே அகச்சிவப்புக் கதிர்கள்.

மனிதக் கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரை உள்ளது. புரொஜெக்டர் ரிமோட்டின் முனையிலுள்ள சிறு எல்.இ.டி. விளக்கு உமிழும் கதிரின் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அளவில் இருக்கும். எனவே, அது எரிவதைக் கண்ணால் காண இயலாது. பல ரிமோட்டுகளின் முனையில் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ காணப்படும் பிளாஸ்டிக் மூடி, சாதாரண ஒளியைத் தடுத்து அகச்சிவப்புக் கதிரை மட்டும் விடும் ஜன்னலாகும். புரொஜெக்டரின் முன்புறத்திலும், சிலவற்றில் பின்புறத்திலும், இத்தகைய ஜன்னல் ஒன்று உண்டு. அதன் பின்னே சிலிக்கானால் ஆன ஏற்பி அமைந்திருக்கிறது.

இக்கதிர்களும் ஒளியே ஆதலின் நேர்கோட்டில் செல்லும், சுவரைக் கடவா, வெண்மையான பரப்பில் பட்டுச் சிதறித் திரும்பும். தூரம் இரண்டு மடங்கானால் ஏற்பியை அடையும் ஒளியின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். கடைசி வரிசையில் நின்று அழுத்தும்போது வேலை செய்யாத ரிமோட் இரண்டடி முன்னே வந்ததும் வேலை செய்வதற்கு இதுவே காரணம்.

பொத்தானை அழுத்தியதும் நிகழ்வது

ரிமோட்டின் எல்.இ.டி. தொடர்ந்து எரிவதில்லை. அது வினாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. சூரிய ஒளியோ சாதாரண விளக்கின் ஒளியோ இவ்வாறு துடிப்பதில்லை. ஏற்பியிலுள்ள மின்சுற்று இந்தத் துடிப்புள்ள ஒளியை மட்டும் செய்தியாக எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது. 1955ஆம் ஆண்டின் இடையூறு இவ்வாறு நீங்கியது.

துடிப்பு செய்தியன்று, செய்தியைத் தாங்கிச் செல்லும் வாகனம். செய்தி, துடிப்புக்கூட்டங்களின் நடுவேயுள்ள இடைவெளிகளில் எழுதப்படுகிறது. இதற்குப் பல முறைகள் உள. அவற்றுள் பெரிதும் வழங்குவது ஜப்பானிய நிறுவனமான என்.இ.சி. வகுத்த முறையாகும். அதன்படி முதலில் 9 மில்லிவினாடி ஒளியும் 4.5 மில்லிவினாடி இருளும் செல்லும். இது, “கவனி” என்று அழைப்பது போன்றது. அடுத்து 32 குறிகள் செல்லும். ஒவ்வொரு குறியும் ஏறத்தாழ 0.56 மில்லிவினாடி நீளமுள்ள ஒளியோடு தொடங்கும். அதன்பின் வரும் இருள் அதே அளவாயின் அக்குறி பூச்சியம். மூன்று மடங்காயின் ஒன்று.

இந்த 32 குறிகளில் முதல் 8 குறிகள் முகவரி. எந்தச் சாதனத்துக்குரிய செய்தி என்பதைக் குறிப்பன. அடுத்த 8 குறிகள் அதே முகவரியைத் தலைகீழாக, பூச்சியத்துக்கு ஒன்றும் ஒன்றுக்குப் பூச்சியமுமாக, மாற்றிச் சொல்வன. பின்னர் 8 குறிகளில் கட்டளையும், இறுதி 8 குறிகளில் கட்டளையின் தலைகீழ் வடிவமும் வரும். 00010110 என்று கட்டளை சென்றால் 11101001 என்பது அதைத் தொடர வேண்டும். இரண்டும் பொருந்தாவிடில் வழியில் பிழை நேர்ந்ததென்று கருதிப் புரொஜெக்டர் அச்செய்தியைப் புறக்கணிக்கும். மொத்தச் செய்தியில் பதினாறு பூச்சியமும் பதினாறு ஒன்றும் எப்போதும் இருக்குமாதலால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் செய்தியின் நீளம் 67.5 மில்லிவினாடியே ஆகும். அதாவது, ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு.

இதனின்று இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒரு நிறுவனத்தின் ரிமோட் வேறு நிறுவனத்தின் புரொஜெக்டரை இயக்காததற்கு, முகவரியும் குறிமுறையும் வேறுபடுவதே காரணம். மாறாக, ஒரே கூடத்தில் ஒரே வகைப் புரொஜெக்டர்கள் இரண்டு இருந்தால் ஒரு ரிமோட்டின் கட்டளையை இரண்டும் ஏற்கும். பவர் பொத்தான் எரிவதை அணைத்து, அணைந்ததை எரியச் செய்யும் ஒரே பொத்தானாக இருப்பின், ஒன்று எரிந்தும் மற்றொன்று அணைந்தும் இருக்கும் நிலையில் அதை அழுத்துவது வேடிக்கையான விளைவைத் தரும். எரிவது அணையும், அணைந்தது எரியும். சில புரொஜெக்டர்களில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து இக்குழப்பத்தைத் தவிர்க்க வசதி உண்டு. அவ்வசதி இல்லாதவிடத்து, வேண்டாத புரொஜெக்டரின் ஏற்பி ஜன்னலை ஓர் அட்டைத் துண்டால் மறைத்துவிட்டால் போதும்.

ரிமோட் பேசுகிறதா என்று சோதித்தல்

பொத்தானை அழுத்தியும் பயன் இல்லையெனில் முதலில் அறியவேண்டியது, செய்தி புறப்படுகிறதா என்பதே. இதற்குத் தனிக்கருவி தேவையில்லை. கைப்பேசியின் காமிராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு எதிரே பிடித்து ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத ஒளி, காமிராவின் திரையில் வெண்மையாகவோ ஊதாவாகவோ மினுங்கும். சில கைப்பேசிகளின் பின்புறக் காமிரா அகச்சிவப்பை வடிகட்டிவிடுவதால், முன்புறக் காமிராவில் பார்ப்பது நல்லது. முன்னரே நன்றாக வேலை செய்யும் வேறொரு ரிமோட்டைக் காமிராவின்முன் பிடித்து, அக்காமிராவால் இவ்வொளியைக் காண முடிகிறதா என்று உறுதி செய்துகொள்வது இன்னும் நல்லது.

மினுக்கம் காணப்படவில்லையெனில் குற்றம் ரிமோட்டில் உள்ளது, பெரும்பாலும் பாட்டரியில். இவ்வகை ரிமோட்டுகளில் பெரும்பாலும் 1.5 வோல்ட் கொண்ட சிறிய ஏ.ஏ.ஏ. பாட்டரிகள் இரண்டு இருக்கும். பழையதொன்றும் புதியதொன்றுமாகக் கலந்து போடுதல் கூடாது. வலுவிழந்த பாட்டரி விரைவில் கசியும். நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முனைகளில் வெள்ளைப் படிவு காணப்பட்டால் அது பாட்டரியிலிருந்து கசிந்த காரப்பொருளாகும். பாட்டரியை நீக்கி, எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரில் சிறிது நனைத்த பஞ்சால் முனையைத் துடைத்து, நன்கு உலர்ந்த பின் புதிய பாட்டரியைப் போடலாம். கசிவு கையில் பட்டால் உடனே நீரால் கழுவிவிட வேண்டும். கோடை விடுமுறையில் பாட்டரிகளைக் கழற்றி வைப்பது இத்தொல்லையை வருமுன் தடுக்கும்.

ஏதேனும் ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யாமல் மற்றவை செய்யுமானால் பாட்டரியைக் குறைகூறுவதில் பயனில்லை. அப்பொத்தானின் கீழுள்ள ரப்பர் தேய்ந்திருக்கலாம்; அல்லது தூசு படிந்திருக்கலாம்.

செய்தி சென்று சேர்கிறதா என்று பார்த்தல்

காமிராவில் மினுக்கம் நன்றாகத் தெரிந்தும் புரொஜெக்டர் பணியவில்லையெனில் குற்றம் வழியிலோ ஏற்பியிலோ உள்ளது. ஜன்னலின் வழியே வரும் நேர்வெயில் ஏற்பியின்மீது விழுந்தால், அதிலுள்ள பெருமளவு அகச்சிவப்புக் கதிர் ஏற்பியைத் திகைக்கச் செய்துவிடும். துடிப்பை அது அறியாது. திரைச்சீலையை இழுத்துவிட்டால் குறை நீங்கும். சிலவகைக் குழல்விளக்குகளின் மின்னணுச் சோக்குகள் பல்லாயிரம் அதிர்வுகளில் இயங்குவதால், அவற்றின் ஒளியும் ஏற்பியைக் குழப்புதல் உண்டு. அருகிலுள்ள விளக்கை அணைத்துப் பார்த்து இதனை அறியலாம். ஏற்பி ஜன்னலின்மீது சுண்ணாம்புத் தூள் படிந்திருந்தால் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

கூரையில் தொங்கும் புரொஜெக்டரின் நேர்கீழே நின்று மேல்நோக்கி அழுத்துவதால் பயன் குறைவு. ஏற்பி முன்னோக்கியோ பின்னோக்கியோ பார்க்கிறது, கீழ்நோக்கி அன்று. இத்தகைய இடங்களில் ரிமோட்டைத் திரையை நோக்கிப் பிடித்து அழுத்துவதே எளிய உபாயம். கதிர் வெண்திரையில் பட்டுத் திரும்பிப் புரொஜெக்டரின் முன்புற ஏற்பியை அடையும். பேசுபவர் மாணவருக்கு முதுகைக் காட்டாமலே, ரிமோட் பிடித்த கையை மட்டும் திரைப்பக்கம் திருப்பி வேலையை முடிக்கலாம்.

ரிமோட்டே இல்லாமற்போயினும் வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. முக்கியமான பொத்தான்கள் பெரும்பாலும் புரொஜெக்டரின் மேற்பலகையிலேயே உள்ளன.

விளக்கை ஏற்றுதலும் அணைத்தலும்

ரிமோட்டின் பொத்தான்களில் மிக்க நிதானத்தோடு அழுத்தவேண்டியது பவர் பொத்தான். இன்றும் பல பள்ளிகளில் உள்ள புரொஜெக்டர்கள் உயரழுத்தப் பாதரச விளக்கால் இயங்குவன. இவ்விளக்கின் சிறு கண்ணாடிக் குமிழினுள், எரியும்போது, வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அளவுக்கு அழுத்தம் நிலவுகிறது. அது முழு ஒளியை அடைய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடிக்கும். பொத்தானை அழுத்திய உடன் திரையில் ஒன்றும் தோன்றாதது கண்டு மீண்டும் அழுத்துவது தவறு. முதல் கட்டளை சென்று சேர்ந்திருக்கும். இரண்டாவது அதனை மாற்றும் கட்டளையாகிவிடும். குறிவிளக்கின் நிறம் மாறியதா, அல்லது அது கண்சிமிட்டுகிறதா என்று பார்ப்பதே முறை.

அணைப்பதற்குப் பல புரொஜெக்டர்களில் பவர் பொத்தானை இருமுறை அழுத்த வேண்டும். முதல் அழுத்தத்துக்கு, அணைக்க வேண்டுமா என்னும் கேள்வி திரையில் எழும். இரண்டாம் அழுத்தம் அதற்கு விடை. தவறுதலாக விரல் பட்டு வகுப்பின் நடுவே விளக்கு அணைந்துவிடாமல் காப்பதற்கே இந்த ஏற்பாடு. விளக்கு அணைந்த பின்னும் உள்ளிருக்கும் விசிறி சிறிது நேரம் சுழன்று குமிழைக் குளிர்விக்கும். அப்போது மீண்டும் பவர் பொத்தானை அழுத்தினால் புரொஜெக்டர் பணியாது. சூடான குமிழினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் மின்பொறியை எழுப்புவது அரிது என்பதே காரணம். இதனை அறியாதோர் ரிமோட் கெட்டுவிட்டதென்று எண்ணி, சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் போடுகின்றனர். விசிறி நின்று வெப்பம் உள்ளேயே தங்குகிறது. விளக்கின் ஆயுள் குறைகிறது. குமிழ் வெடித்துவிடுதலும் உண்டு. வெடித்தால் பாதரச ஆவி வெளிப்படும் ஆதலின் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மாணவரை வெளியே அனுப்ப வேண்டும். பழுதான விளக்கைச் சாதாரணக் குப்பையில் சேர்க்காமல் மின்னணுக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊர்களில், தடைக்குப்பின் சில நிமிடங்களேனும் விசிறி சுழலும்படி யு.பி.எஸ். சாதனத்தோடு புரொஜெக்டரை இணைப்பது நலம். எல்.இ.டி., லேசர் ஆகியவற்றை ஒளிமூலமாகக் கொண்ட புதிய வகைகளுக்கு இத்துணை நீண்ட குளிர்விப்பு வேண்டுவதில்லை. எனினும், நிறுவனம் தந்த கையேட்டின்படி அணைத்தலே முறையாகும்.

பாடத்துக்குத் துணைசெய்யும் பொத்தான்கள்

ரிமோட்டின் பயன் விளக்கை ஏற்றி அணைப்பதோடு முடிவதன்று. நல்லாசிரியருக்கு மிகவும் பயன்படும் பொத்தான் ‘பிளாங்க்’ அல்லது ‘மியூட்’ எனப்படுவது. அதை அழுத்தியதும் திரை இருண்டுவிடும். மீண்டும் அழுத்தினால் அதே படம் தோன்றும். படம் திரையில் இருக்கும்வரை பார்ப்போர் கண் படத்திலேயே இருக்கும். நோயுற்ற நெற்கதிரை அல்லது உண்மையான ஓர் இலையைக் கையில் காட்டி விளக்கும்போதும், கேள்வி கேட்டு விடை பெறும்போதும் திரையை இருட்டாக்கினால் கவனம் பேசுபவரிடம் திரும்பும். ஆயினும் அப்போது உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது. உணவு இடைவேளைக்குச் செல்வோர் இப்பொத்தானை நம்பிச் சென்றால் விளக்கின் ஆயுள் வீணாகும்.

‘ஃப்ரீஸ்’ என்னும் பொத்தான் திரையிலுள்ள படத்தை அப்படியே நிறுத்திவைக்கும். படம் திரையில் நிற்கும்போதே கணினியில் அடுத்த கோப்பைத் தேடலாம். அதனை விடுவிக்க மறந்துவிட்டால், கணினி நின்றுவிட்டதென்ற மயக்கம் தோன்றும். ‘சோர்ஸ்’ என்பது எந்தக் கம்பியின் வழியே வரும் படத்தைக் காட்டவேண்டும் என்று தெரிந்தெடுப்பது. விளக்கு எரிந்தும் படம் வாராவிடில் முதலில் பார்க்கவேண்டியது இதனையே. ‘கீஸ்டோன்’ என்பது, சாய்ந்து விழுவதால் மேலே அகன்றும் கீழே குறுகியும் தோன்றும் படத்தைச் சதுரப்படுத்துவது. ஆனால், அது படப்புள்ளிகள் சிலவற்றை இழந்தே இதனைச் செய்வதால் எழுத்தின் தெளிவு சற்றுக் குறையும். புரொஜெக்டரைத் திரைக்கு நேராக வைக்க முடியுமானால் அதுவே சிறந்தது.

பக்கம் மாற்றும் பொத்தான்கள் பல ரிமோட்டுகளில் இருந்தும் வேலை செய்வதில்லை என்று குறைகூறப்படுகிறது. ரிமோட் பேசுவது புரொஜெக்டரோடு. பக்கத்தை மாற்றவேண்டியது கணினி. புரொஜெக்டரிலிருந்து கணினிக்குச் செய்தி செல்ல வழி வேண்டும். பல சாதனங்களில் இதற்கெனத் தனியே யு.எஸ்.பி. கம்பியை இணைத்தாலன்றி இப்பொத்தான்கள் பயன்படா.

வானொலி அலையால் இயங்கும் கருவி

பக்கம் மாற்றுவதற்கு மட்டும் இப்போது பெரிதும் வழங்குவது ‘பிரசென்டர்’ எனப்படும் வேறொரு கருவியாகும். இது அகச்சிவப்பு ஒளியால் அன்றி வானொலி அலையால் இயங்குவது. கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு ஏற்பி அதனோடு வரும். கணினியானது அதனை ஒரு தட்டச்சுப் பலகை என்றே கருதும். அடுத்த பக்கத்துக்கான விசையை எவரோ அழுத்தியது போன்ற செய்தியே அதற்குச் செல்கிறது.

கம்பியில்லாத அலையால் தொலைவிலுள்ள பொருளை இயக்குவதை இந்திய மண்ணில் முதன்முதல் கண்டவர்கள் கல்கத்தா மக்கள். 1890களின் நடுப்பகுதியில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைச் சுவரின் ஊடே செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். பிரசென்டரும் அவ்வாறே தடையைக் கடந்து செயற்படுவது. பெரும்பாலும் இது 2.4 ஜிகா ஹெர்ட்ஸ் அளவிலான அலைகளைப் பயன்படுத்துகிறது. குறைந்த ஆற்றலுள்ள கருவிகள் இந்த அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005ஆம் ஆண்டில் விதி செய்துள்ளது. கருவியை எத்திசையில் பிடித்தாலும் வேலை செய்யும். ஆயினும், கணினியை இரும்பு அலமாரிக்குள் வைத்துவிட்டால் அலை தடைப்படும். மனித உடலும் இவ்வலையை ஓரளவு உறிஞ்சுவதாகும்.

இவ்வகைக் கருவிகள் பலவற்றில், செய்தி கிடைத்ததென்று ஏற்பி தானே மறுமொழி அனுப்புகிறது. மறுமொழி வாராவிடில் கருவி மீண்டும் அனுப்புகிறது. கைகாட்டித் துறையின் கொள்கை ஆசிரியரின் கையளவுக் கருவியிலும் இடம்பெற்றுவிட்டது எனலாம். இக்கொள்கையின் பெருவடிவத்தைச் செகந்திராபாத் வட்டாரத்திலேயே காணலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், தென்மத்திய ரயில்வேயின் லிங்கம்பள்ளி – விகாராபாத் பகுதியில், குல்லகுடா, சிட்கிட்டா நிலையங்களுக்கிடையே ‘கவச்’ என்னும் பாதுகாப்பு முறை சோதித்துக் காட்டப்பட்டது. வானொலி அலையால் செய்தி பரிமாறிக்கொண்ட எஞ்சின், எதிரே மற்றோர் எஞ்சின் இருப்பதை அறிந்து, ஓட்டுபவரின் கை படாமலே மோதலுக்கு முன் நின்றது. உயிர் காக்கவேண்டிய இடத்தில் ஒருவழிச் செய்தி போதாது.

லேசர் ஒளியில் எச்சரிக்கை

பிரசென்டரிலும் சில ரிமோட்டுகளிலும் திரையைச் சுட்டிக்காட்ட லேசர் ஒளியும் இணைந்திருக்கும். லேசர் ஒளி பரவாமல் குறுகிய கற்றையாகச் செல்வதால், கண்ணில் புகுந்தால் அதன் ஆற்றல் முழுதும் விழித்திரையில் ஒரு புள்ளியில் குவியும். 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத இரண்டாம் வகுப்பு லேசராயின், கண் தானே கால் வினாடிக்குள் இமைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அதனினும் வலிய லேசர்கள் வகுப்பறைக்கு உரியவை அல்ல. விலை மலிந்த சில பச்சை லேசர்களில் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரும் உடன் கசிவதுண்டு. அதனைக் கண் உணராது. உணராததால் இமைக்கவும் இமைக்காது. வகுப்பு எழுதப்படாத கருவியை வாங்குதல் கூடாது. இருப்பதையும் சிறுவர் கையில் கொடுத்தல் கூடாது. மாணவர் இருக்கும் பக்கம் கை திரும்புமுன் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிடுவது வழக்கமாக வேண்டும்.

சிவப்பு நிறத்தை நன்கு காண இயலாதோருக்குத் திரையில் அலையும் சிவப்புப் புள்ளி தெரிவதில்லை. திரைக்குப் பதிலாகப் பெரிய தொலைக்காட்சிப் பலகையைப் பயன்படுத்தும் வகுப்புகளில் லேசர் புள்ளி எவருக்குமே நன்கு புலப்படாது. இவ்விடங்களில் மூங்கில் கோலே சிறந்த கருவி. அதற்குப் பாட்டரியும் வேண்டுவதில்லை.

வகுப்பறையில் ஒரு சோதனை

விஞ்ஞான ஆசிரியர்கள் ரிமோட்டையே பாடப்பொருளாகவும் பயன்படுத்தலாம். கைப்பேசிக் காமிராவால் புலப்படாத ஒளியைக் காட்டலாம். புரொஜெக்டரையோ தொலைக்காட்சியையோ மாணவருக்குப் பின்புறம் வைத்து, முன்னே ஒரு கண்ணாடியைப் பிடித்து, எந்தக் கோணத்தில் கதிரைச் செலுத்தினால் சாதனம் பணிகிறது என்று தேடச் செய்யலாம். படுகோணமும் மீள்கோணமும் சமம் என்ற விதியைக் கண்ணால் காணாத ஒளியிலும் மாணவர் தாமே கண்டுகொள்வர். ரிமோட்டின் முனையை ஒரு தாளால் மறைத்தும், இரண்டு, மூன்று தாள்களால் மறைத்தும், அலுமினியத் தகட்டால் மறைத்தும் எதன் வழியே கதிர் செல்கிறது, எதன் வழியே செல்லவில்லை என்று பட்டியல் எழுதச் செய்யலாம். சாதனத்திலிருந்து எத்தனை அடி தூரம்வரை கட்டளை சென்றடைகிறதென்று, புதிய பாட்டரியோடும் பழைய பாட்டரியோடும் அளந்து ஒப்பிடலாம்.

தொடங்குமுன் செய்யத்தக்கவை

கூட்டம் தொடங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பாகவே புரொஜெக்டரை ஏற்றி, கூடத்தின் எந்த இடத்தில் நின்றால் ரிமோட் வேலை செய்கிறதென்று நடந்து பார்த்துக்கொள்வது நன்று. மாற்றுப் பாட்டரிகள் இரண்டு பையில் இருத்தல் அவசியம். ரிமோட்டின் பின்புறத்தில் புரொஜெக்டரின் பெயரையும் அறையின் எண்ணையும் ஒட்டிவைத்தால் ஒன்று மற்றொன்றோடு மாறாது. பல பொத்தான்களில் நாள்தோறும் வேண்டுவன நான்கைந்தே. அவற்றின்மீது சிறு வண்ணப்புள்ளி வைத்துவிட்டால் புதிதாக வருபவரும் திகைக்கார். கணினி இணைப்பு பழுதானால் பாடத்தைக் கரும்பலகையில் தொடர்வதற்குரிய குறிப்பும் கையில் இருக்கவேண்டும்.

வகுப்பு நடக்கும்போது நினைவில் கொள்ளவேண்டியது ஒன்றே: ஒருமுறை அழுத்துக, விளைவைப் பார்க்க, விளைவு இல்லையென்று உறுதியான பின்னரே மறுமுறை அழுத்துக. செகந்திராபாத்தில் பயின்று வரும் கைகாட்டித் துறையினர் ஆயிரக்கணக்கான பயணிகளின் பொருட்டுக் கைக்கொள்ளும் இவ்வொழுங்கை, நாற்பது மாணவர்களின் ஒரு பாடவேளையின் பொருட்டு ஆசிரியரும் களப்பணியாளரும் கைக்கொள்வது கடினமன்று.